மூன்று சர்வர் போட்டால் மூன்று மடங்கு வேகமா? கூத்து நோட்டுக் களஞ்சியச் சோதனை

ராணிப்பேட்டை வாசகர் கேட்டது, 4 மார்ச் 2017

"கூத்து நோட்டுகளை ஏற்றும் சர்வர் திணறுகிறது என்று போன மாதம் எழுதியிருந்தீர்கள். இதற்கு ஏன் இவ்வளவு யோசனை சார்? கிளவுடில் மூன்று மெஷின் எடுத்து, ஒன்றாக வேலை செய்யும் கிளஸ்டராகக் கட்டுங்கள். மூன்று மடங்கு வேகம் வந்துவிடும். எங்கள் ஆபீஸ் வெப்சைட்டுக்கு அப்படித்தான் செய்தோம்."

4 மார்ச், இரவு

வெப்சைட்டுக்குச் சரி. ஒரு களஞ்சியத்துக்கும் அது பொருந்துமா என்று எனக்குத் தெரியவில்லை. சோதித்துப் பார்த்து இங்கேயே எழுதுகிறேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு: காட்பாடியில் நாங்கள் நான்கு பேர். பழைய வட ஆர்க்காடு மாவட்டத்துத் தெருக்கூத்து வாத்தியார்களிடம் இருக்கும் கையெழுத்து நோட்டுகளை ஸ்கேன் செய்து சேர்க்கிறோம். செய்யாறு, ஆரணி, வந்தவாசி, ஆற்காடு பக்கத்து நோட்டுகள். பங்குனியிலிருந்து ஆடி வரை திரௌபதி அம்மன் திருவிழாக் காலம். அப்போது நோட்டைக் கேட்கவே கூடாது, அது வாத்தியாரின் பையில்தான் இருக்கும். ஆடி முடிந்ததும் எல்லாம் ஒன்றாக வந்து குவியும்.

பயன்படுத்துவது ஃபெடோரா 4. லினக்ஸ் ஃபெடோரா வேறு, இது வேறு. இது 1997இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சித் திட்டமாகத் தொடங்கிய டிஜிட்டல் களஞ்சிய மென்பொருள். நாங்கள் ஓட்டும் பதிப்பில் அடியில் மோட்ஷேப், அதற்கும் அடியில் இன்ஃபினிஸ்பான்; இரண்டும் தரவைச் சேமிக்கும் மென்பொருள் அடுக்குகள். கிளஸ்டர் வேலையெல்லாம் இன்ஃபினிஸ்பான் தலையில்தான்.

11 மார்ச் 2017

அமேசானின் மும்பை மையத்தில் மூன்று மெஷின் எடுத்தோம். மூன்றும் டி2 மீடியம், ஒவ்வொன்றிலும் 4 ஜிகாபைட் மெமரி. முன்னால், வரும் கேள்விகளை மூன்றுக்கும் பிரித்து அனுப்பும் ஒரு லோடு பேலன்சர். சோதனைக்கு, போலிப் பயனர்களை உருவாக்கிச் சுமை கொடுக்கும் ஜேமீட்டர், அதையும் மும்பையிலேயே தனி மெஷினில் வைத்து ஓட்டினோம். சின்னப் படமும் ஒரு பக்க மெட்டாடேட்டாவும் சேர்ந்தது ஓர் உருப்படி. அப்படி ஆயிரக்கணக்கில் ஏற்றினோம்.

முதலில் ஒரு நோடு (கிளஸ்டரில் ஒரு மெஷின்), அப்புறம் இரண்டு, அப்புறம் மூன்று. வேகம் மூன்று மடங்குக்குக் கொஞ்சம்தான் குறைவு! ராணிப்பேட்டைக்காரர் சொன்னது சரி என்று ஒப்புக்கொள்கிறேன்.

12 மார்ச் 2017

நேற்று எழுதியதை யாரும் நம்ப வேண்டாம்.

காலையில் எங்கள் குழுவில் இருக்கும் தங்கை, நேற்று ஏறிய உருப்படிகளில் ஒன்றைத் திறந்து பார்த்தாள். இருந்தது. மறுபடி திறந்தாள், 404 (அப்படி ஒன்று இல்லை என்ற பதில்). இன்னொரு முறை, 404. நான்காவது முறை, இருந்தது. லோடு பேலன்சர் ஒவ்வொரு முறையும் அடுத்த நோடுக்கு அனுப்புகிறது. மூன்றில் ஒரு நோடில்தான் அந்த உருப்படி இருக்கிறது.

அதாவது எங்களிடம் இருந்தது கிளஸ்டரே இல்லை. ஒன்றையொன்று அறியாத மூன்று தனித்தனிக் களஞ்சியங்கள். ஒவ்வொன்றும் தன் பங்கை மட்டும் எழுதிக்கொண்டது. மூன்று மடங்கு வராமல் என்ன செய்யும்?

ஜேமீட்டர் இதைக் காட்டிக் கொடுக்கவில்லை. நாங்கள் அதனிடம் கேட்டது 201 (ஏற்றியாயிற்று என்ற பதில்) வந்ததா என்பதை மட்டும்தான். எழுதியதைத் திரும்பப் படித்துப் பார் என்று சொல்லவே இல்லை. இனி ஒவ்வொரு உருப்படிக்கும் இப்படி: ஏற்றியதும் பதிலில் வரும் முகவரியை எடுத்து, லோடு பேலன்சர் வழியாகவே திரும்ப இறக்கி, ஷா-1 கூட்டெண்ணை (கோப்பு கொஞ்சம் மாறினாலும் மாறிவிடும் சரிபார்ப்பு எண்) ஒப்பிட வேண்டும். பொருந்தினால்தான் அது ஒன்று என்று கணக்கு.

களஞ்சியத்தைச் சோதிப்பவர்கள் வேறு எதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள். தொலைந்த நோட்டு எவ்வளவு வேகமாகத் தொலைந்தது என்று அளந்து யாருக்கும் பயனில்லை.

18 மார்ச் 2017

காரணம் பிடிபட்டது. நோடுகள் ஒன்றையொன்று கண்டுபிடிக்க ஜேகுரூப்ஸ் என்ற மென்பொருள் நூலகம் இருக்கிறது. வழக்கமான அமைப்பில் அது மல்டிகாஸ்ட் முறையில் "யார் யார் இருக்கிறீர்கள்?" என்று வலையமைப்பு முழுக்கக் குரல் கொடுக்கும். அமேசானின் தனி வலையமைப்பில் இப்போதைக்கு (2017) மல்டிகாஸ்ட் கிடையாது. இது ஆவணத்திலேயே எழுதியிருக்கிறது, நாங்கள்தான் படிக்காமல் விட்டோம். குரலுக்குப் பதில் வராததால் ஒவ்வொரு நோடும் தான் ஒருவன்தான் என்று முடிவு செய்து, பிழை எதுவும் காட்டாமல் வேலையைத் தொடங்கிவிட்டது. லாக் கோப்பில் உறுப்பினர் எண்ணிக்கை 1 என்று ஒரு வரி மட்டும் இருந்தது.

எஸ்3 பிங் என்ற முறைக்கு மாற்றினோம். ஒவ்வொரு நோடும் தன் முகவரியை அமேசானின் கோப்புச் சேமிப்பிடமான எஸ்3இல் ஒரு சின்னக் கோப்பாக எழுதி வைக்கும், மற்றவை அதைப் பார்த்து டிசிபி வழியாக (நேரடி இணைப்பில்) பேசும். 7800ஆம் போர்ட்டையும் மூன்றுக்கும் இடையே திறந்துவிட வேண்டும். இப்போது லாக்கில் 3.

மறுபடி அதே சோதனை. திரும்பப் படித்த எல்லாம் பொருந்தின. ஆனால் எழுதும் வேகம் ஒற்றை நோடில் வந்ததைவிடக் குறைந்துவிட்டது. மூன்று முறை ஓட்டியும் அப்படித்தான்.

யோசித்தால் வேறு எப்படியும் இருக்க முடியாது. எங்கள் அமைப்பில் எல்லா நோடும் எல்லாவற்றையும் வைத்திருக்கும். ஓர் உருப்படி வந்தால் மூன்று இடத்திலும் எழுதி, மூன்றும் ஆயிற்று என்று சொன்ன பிறகுதான் 201. காட்பாடி ஜங்ஷனில் மூன்று பேர் மூன்று கவுன்டரில் உட்கார்ந்து, ஆளுக்கொரு நோட்டில் டிக்கெட் பதிவதாக வைத்துக்கொள்ளுங்கள். எந்த ரயில் எத்தனை மணிக்கு என்று கேட்பவர்களுக்கு மூன்று பேரும் ஒரே நேரத்தில் பதில் சொல்லலாம். ஒரு படுக்கையைப் பதியும்போது மட்டும் மூன்று நோட்டிலும் அதே வரி ஏற வேண்டும். கவுன்டரைக் கூட்டினால் கேள்விக்கு நல்லது, பதிவுக்குச் சுமை.

19 மார்ச்

ஆம்பூரிலிருந்து ஒரு தம்பி: "அப்போ படிக்கிற வேகம் ஏறிச்சா அண்ணா?"

ஏறியது. நோடுக்கு நோடு நன்றாகவே. ஆனால் அதே நூறு உருப்படிகளைத்தான் சுற்றிச் சுற்றிக் கேட்டோம். அவை மெமரியிலேயே உட்கார்ந்திருக்கும், டிஸ்க் வரை போகவே இல்லை. முழுப் பட்டியலிலிருந்தும் கலைத்துப் போட்டுக் கேட்டுவிட்டு அப்புறம் எழுதுகிறேன்.

26 மார்ச்

கலைத்துப் போட்டுக் கேட்டாயிற்று. முன்பு வந்த அளவுக்கு இல்லை, இருந்தாலும் ஏற்றம் நிஜம்தான்.

2 ஏப்ரல் 2017

ஒரு புதிர். யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.

இதுவரை ஒவ்வொரு சோதனையையும் பத்து நிமிடத்தில் முடித்துக்கொண்டிருந்தோம். நேற்று இரண்டு மணி நேரம் விட்டுப் பார்த்தோம். அரை மணி நேரம் சீராகப் போனது. சுமார் 33ஆவது நிமிடத்தில் எழுதும் வேகம் அப்படியே சரிந்தது, மேலே ஏறவே இல்லை. இன்றும் அதே 33.

என் சந்தேகம் சிபியூ கிரெடிட் மேல். டி2 வகை மெஷின்கள் முழு வேகத்தில் எப்போதும் ஓடாது, சேர்த்து வைத்த கிரெடிட் தீரும்வரைதான். டி2 மீடியத்துக்குத் தொடங்கும்போது 60 கிரெடிட், மணிக்கு 24 சேரும். இரண்டு சிபியூவும் முழுதாக ஓடினால் நிமிடத்துக்கு 2 செலவு, 0.4 வரவு. 60ஐ 1.6ஆல் வகுத்தால் 37 நிமிடம் சொச்சம். 33க்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

4 ஏப்ரல்

இல்லை, சிபியூ இல்லை. பக்கத்தில் வந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு அவசரப்பட்டுவிட்டேன். சரிவு வந்த நேரத்தில் சிபியூ 60 சதவீதம்தான் ஓடியிருக்கிறது. அந்தக் கணக்கில் கிரெடிட் 75 நிமிடம் தாங்கியிருக்க வேண்டும்.

சரிந்தது டிஸ்க். நாங்கள் எடுத்தது ஜிபி2 வகை, 100 ஜிகாபைட். இதில் ஒரு ஜிகாபைட்டுக்கு நொடிக்கு 3 செயல்பாடு (படிப்பதோ எழுதுவதோ) என்பது நிரந்தர வேகம், ஆக எங்களுக்கு 300. அதற்கு மேல் 3,000 வரை கடன் போலக் கொடுப்பார்கள். தொடக்க இருப்பு 54 லட்சம் கிரெடிட். நாங்கள் 3,000இல் ஓட்டினால் நொடிக்கு 2,700 கரையும். 54 லட்சத்தை 2,700ஆல் வகுத்தால் 2,000 நொடி, அதாவது 33 நிமிடம் 20 நொடி. பேப்பரில் போட்டுப் பார்த்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது.

ஆகவே பத்து நிமிடச் சோதனைகள் எல்லாம் அளந்தது கடன் வேகத்தை. முன்பு எழுதிய ஒப்பீடுகள் ஒன்றுக்கொன்று சரிதான், எல்லாமே கடனில் ஓடியவை. நீண்ட நேர வேகம் என்று அவற்றை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொரு கணக்கும் போட்டேன். டிஸ்க்கைச் சும்மா விட்டால் நொடிக்கு 300 வீதம் இருப்பு நிரம்ப 5 மணி நேரம். எங்கள் வேலை குவியலாக வந்து இடைவெளி விடும் வேலை. 1,000 ஜிகாபைட் எடுத்தால் சரிவே இருக்காது, ஆனால் அந்தப் பணத்துக்கு இன்னும் எத்தனையோ நோட்டுகளை ஸ்கேன் செய்யலாம்.

பணம் என்றதும் ஒன்று: மெஷின் வாடகை இப்போதைக்கு (2017 ஏப்ரல்) மணிக்கணக்கில். பத்து நிமிடம் ஓட்டி அணைத்தாலும் ஒரு மணி நேரக் காசு. சோதனைகளை வரிசையாக அடுக்கி வைத்துக்கொண்டு ஒரே மணிக்குள் ஓட்டுங்கள்.

16 ஏப்ரல் 2017

வேலூர் வெயில் தொடங்கிவிட்டது. மதியம் மின்சாரம் போனபோது உட்கார்ந்து எழுதியது இது.

சராசரி என்ற ஒற்றை எண்ணை நம்பாதீர்கள். ஓர் ஆஸ்பத்திரியில் நூறு பேர் டோக்கன் வாங்கிக் காத்திருக்கிறார்கள். 99 பேருக்கு 1 நிமிடம், ஒருவருக்கு மட்டும் 101 நிமிடம். சராசரி 2 நிமிடம். நல்ல ஆஸ்பத்திரி என்று தோன்றும், அந்த ஒருவரைக் கேட்டால் தெரியும். நாங்கள் இப்போது 95ஆம், 99ஆம் சதமானங்களைத்தான் பார்க்கிறோம், அதாவது நூறில் 95 பேருக்கும் 99 பேருக்கும் எவ்வளவு நேரத்துக்குள் பதில் வந்தது என்பதை.

அதிலும் ஒரு பொறி. ஜேமீட்டரில் ஒவ்வொரு போலிப் பயனரும் பதில் வந்த பிறகுதான் அடுத்ததைக் கேட்பார். சர்வர் பத்து நொடி மூச்சு விடாமல் நின்றால், அந்த நேரத்தில் வந்திருக்க வேண்டியவர்கள் வராமலே போகிறார்கள், கணக்கிலும் ஏறுவதில்லை. ஜாவா வேக நிபுணர் கில் டெனே இதற்கு கோஆர்டினேட்டட் ஒமிஷன் என்று பெயர் வைத்துப் பல இடங்களில் பேசியிருக்கிறார். எங்கள் சர்வருக்கு மூச்சு நிற்பது நிஜமாகவே உண்டு. ஜாவா மெமரியில் தேவையற்றதைக் குப்பை கூட்டும்போது 4 ஜிகாபைட் மெஷின் நிற்கிறது. நிற்பது நீண்டால் மற்ற இரண்டு நோடும் இவன் செத்துவிட்டான் என்று எண்ணி உறுப்பினர் பட்டியலை மாற்றத் தொடங்கும். அது இன்னும் சுமை.

23 ஏப்ரல் 2017

இதை எழுதத் தயக்கமாகத்தான் இருக்கிறது.

இத்தனை நாளும் மும்பைக்குள்ளிருந்து மும்பைக்கே சின்னப் படங்களை ஏற்றிக்கொண்டிருந்தோம். எங்கள் நிஜக் கோப்பு அது இல்லை. கிட்டத்தட்ட ஏ4 அளவுப் பக்கம், 400 டிபிஐ (அங்குலத்துக்கு 400 புள்ளி), வண்ணம், சுருக்காத டிஃப் படக்கோப்பு. 3,308 புள்ளி அகலம், 4,676 புள்ளி உயரம், புள்ளிக்கு 3 பைட். ஒரு பக்கம் 46 மெகாபைட்.

எங்கள் பிராட்பேண்டில் மேலே ஏற்றும் வேகம் 4 எம்பிபிஎஸ், அதாவது நொடிக்கு அரை மெகாபைட். ஒரு பக்கத்துக்கு ஒன்றரை நிமிடம். 120 பக்க நோட்டு ஒன்றுக்கு 3 மணி நேரம். ஆயிரம் பக்கத்துக்கு 26 மணி நேரம், அதுவும் லைன் ஒருமுறைகூட அறுந்துபோகாமல் இருந்தால்.

சர்வர் ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு பக்கம்தான் வாங்கப் போகிறது. ஒற்றை நோடே தூங்கி வழியும். 4ஆம் தேதி கணக்குப் போட்ட டிஸ்க் கடனையும் நாங்கள் தொடவே மாட்டோம். ராணிப்பேட்டை நண்பரே, உங்கள் கேள்விக்கு உண்மையான பதில் இதுதான்: எங்கள் தாமதம் பெரும்பாலும் காட்பாடிக்கும் மும்பைக்கும் நடுவில் இருந்தது. முதல் நாளே ஒரே ஒரு நிஜ நோட்டை, நிஜ மேசையிலிருந்து ஏற்றி, ஒவ்வொரு கட்டத்துக்கும் எவ்வளவு நேரம் என்று குறித்திருந்தால் ஏழு வாரம் மிச்சம்.

24 ஏப்ரல்

மூன்று பேர் ஒரே யோசனை: 200 டிபிஐக்கு இறக்குங்கள், கோப்பு கால்வாசி ஆகிவிடும்.

செய்ய மாட்டோம். இந்த நோட்டுகளில் மையில் எழுதியது பாட்டு. ஓரத்தில் பென்சிலில் எழுதியதுதான் வாத்தியாரின் ஆட்டம்: இங்கே தாளம் மாற்று, இந்த ஊரில் இந்த விருத்தத்தை விடு, கட்டியங்காரன் இங்கே வரட்டும். முப்பது நாற்பது வருடத்துப் பென்சில், தடவித் தடவி மங்கியது. 200இல் எடுத்துப் பார்த்தோம், பாதி வரிகள் காகிதத்தின் அழுக்கோடு கலந்துவிட்டன. வேகத்துக்காக அதைக் கொடுக்க எனக்கு மனம் வராது.

29 ஏப்ரல் 2017

இரண்டு வழி கண்டோம். தகவல் இழக்காத ஜேபெக் 2000 ஆக மாற்றினால் ஏறக்குறைய பாதி. அதைவிட நல்லது, ஹார்ட் டிஸ்க்கைப் பையில் போட்டுக்கொண்டு காட்பாடியில் பெங்களூரு ரயில் ஏறுவது. நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல். அங்கே நண்பர் ஒருவரிடம் 100 எம்பிபிஎஸ் லைன் இருக்கிறது. ஆயிரம் பக்கம் ஒரு மணி நேரத்தில் ஏறிவிடும். வீட்டிலிருந்து ஏற்றும் 26 மணி நேரத்துக்கு இது ஐந்தரை மணி நேரம்.

இன்னொரு திருத்தம். எல்லாப் பக்கங்களையும் ஒரே கன்டெய்னருக்கு (ஃபோல்டர் போன்றது) கீழே வைத்திருந்தோம். பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் பெருகப் பெருக ஃபெடோரா 4இல் அந்தக் கன்டெய்னரைத் தொடும் ஒவ்வொரு வேலையும் மந்தமாகும். தானே பெயர் வைக்கும்போது அது இரண்டிரண்டு எழுத்தாகப் பிரித்து அடுக்கடுக்கான பாதை போடுவது அதனால்தான். நாங்கள் சொந்தப் பெயர் வைத்ததில் அந்த உதவியை இழந்தோம். இப்போது ஊர், வாத்தியார், நோட்டு என்று மூன்று அடுக்கு. கிளஸ்டர் தராத வேகத்தை இது தந்தது, ஒரு பைசா செலவில்லாமல்.

13 மே 2017

"அப்போ கிளஸ்டரை மூடிட்டீங்களா?" என்று ஆம்பூர் தம்பி.

மூடவில்லை தம்பி, இரண்டு நோடாகக் குறைத்தோம். திருவிழாக் காலத்தில் இரவு பத்து மணிக்கு மேல் ஒரு கோஷ்டி களரியில் இருந்துகொண்டு போனில் தேடும். கர்ண மோட்சத்தில் ஒரு பாட்டு மறந்திருக்கும், பதினெட்டாம் போரில் ஒரு வசனம் விட்டுப் போயிருக்கும். அந்த நேரத்தில் ஒரு நோடு நின்றாலும் இன்னொன்று பதில் சொல்ல வேண்டும். அதற்குத்தான் இரண்டாவது.

ஆகவே கடைசிச் சோதனை இப்படி: படிப்பவர்கள் சிலர் தொடர்ந்து கேட்டுக்கொண்டிருக்க, நடுவில் ஒரு நோடைச் சட்டென்று கொன்றோம். லோடு பேலன்சர் அதைக் கவனித்து ஒதுக்கும்வரை சில கேள்விகள் தோற்றன, அப்புறம் சீரானது. கொன்ற நோடு திரும்பி வந்து, இடையில் தவறவிட்டதையெல்லாம் வாங்கிக்கொண்டதா என்று கூட்டெண் போட்டுப் பார்த்தோம். எல்லாம் பொருந்தின. அன்றுதான் நிம்மதியாகத் தூங்கினேன்.

27 ஆகஸ்ட் 2017

ஆடி முடிந்தது. பதினோரு நோட்டு வந்திருக்கிறது. நாளை மறுநாள் ரயில்.

5 டிசம்பர் 2021

பழைய இழையை எழுப்புவதற்கு மன்னிக்கவும். இங்கே சொல்லாமல் வேறு எங்கே சொல்வது.

இந்த ஆண்டு ஃபெடோரா 6 வந்தது. மோட்ஷேப் போய்விட்டது. இப்போது எல்லாம் ஓசிஎஃப்எல் என்ற கோப்பு அடுக்கும் முறையில் டிஸ்க்கில் சாதாரணக் கோப்புகளாக, கூட்டெண் பட்டியலோடு இருக்கும். மென்பொருளே இல்லாவிட்டாலும் கோப்பை நேரே திறக்கலாம். மாறுவதா என்று பேசிக்கொண்டிருந்தோம்.

போன மாதம் பாலாற்றில் வெள்ளம். மணல் மட்டுமே பார்த்த ஆற்றில் இரு கரையும் தொட்டுத் தண்ணீர் போனதைக் காண ஊரே பாலத்தில் நின்றது. கரையோர ஊர் ஒன்றில் வாத்தியார் ஒருவரின் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். அவர் போன வருடம் காலமாகிவிட்டார். மகன்தான் இப்போது ஆடுகிறார். டிரங்குப் பெட்டியில் இருந்த நோட்டுகள் ஊறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன, மை முழுக்கக் கரைந்துவிட்டது.

அவருடைய நோட்டு 2017இல் ஏறிய பதினொன்றில் ஒன்று. கோப்புகளை இறக்கி, அன்றைய கூட்டெண்ணோடு ஒப்பிட்டேன். எல்லாப் பக்கமும் பொருந்தின. அச்சடித்து பைண்டு செய்து நேற்று கொண்டுபோய்க் கொடுத்தோம்.

ராத்திரி மகன் போன் செய்தார். "அண்ணா, 47ஆம் பக்கம் ஓரத்துல அப்பா பென்சில்ல என்னமோ எழுதியிருக்காரு, அச்சுல சரியாத் தெரியல. கம்ப்யூட்டர்ல பெருசாக்கிப் பாக்க முடியுமா?"

பெரிதாக்கிப் பார்த்தேன். "இங்கே மூச்சு வாங்கிக்கொள்" என்று எழுதியிருந்தது. படித்துச் சொன்னேன்.